விளக்கோட ஹெல்மெட்

ஒருவரின் சொல்லை எவ்வளவு நேரத்துக்கு நம்பலாம்? எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டுவிட்டு, பதிலை வாயால் சொல்லாமல் கேபிளாக இழுத்துப் போட்டவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் என் அண்ணி.

காகித ஆலையில் மின்பிரிவின் வடிவமைப்பு அறை அவருடையது. எந்த மோட்டாருக்கு எந்த கேபிள், எந்த வழியாகப் போக வேண்டும், மேலே எவ்வளவு கனமான உறை வேண்டும் என்பதெல்லாம் அவர் கையெழுத்துக்குப் பிறகுதான் நகரும். அவர் தேர்ந்தெடுத்ததை வாங்கித் தருவது கொள்முதல் பிரிவில் இருந்த என் வேலை. அண்ணன் அதே ஆலையில் உலர்த்தும் பிரிவுக்குத் தலைவர். ஈரமாக வரும் காகிதத்தைச் சூடான உருளைகளின் மேல் ஓடவிட்டுக் காயவைக்கிற இடம் அது. ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் ஒரே கேட் வழியாக உள்ளே போவோம். "ஆலையை உங்க பேருக்கே எழுதி வாங்கிடுங்களேன்" என்று காவலாளி தினமும் அதே கிண்டலைச் செய்வார். அண்ணி தினமும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார்.

அவரை மேதை என்று சொல்ல வரவில்லை. ஒருமுறை கேபிள் தட்டின் அகலத்தைக் குறைவாகக் கணக்குப் போட்டுவிட்டு, பாதி வேலை முடிந்த பிறகு எல்லாவற்றையும் பிரிக்க வைத்தார். மாதக்கணக்கில் திட்டு வாங்கினார். வாங்கியதைத் திருப்பித் தராமல் வாங்கிக்கொண்டதுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம். அவரது ஜன்னல் விளிம்பில் குறுக்கே வெட்டிய கேபிள் துண்டுகள் வெள்ளரிக்காய் வில்லைகள்போல வரிசையாக இருக்கும். மின்விசிறிக் காற்றில் வரைபடங்கள் பறக்காமல் இருக்க அவைதான் கனம். யார் என்ன கேட்டு வந்தாலும் ஒரு வில்லையை எடுத்து உருட்டிக்கொண்டே, "சரி, ரொம்ப மோசமான நாள்ல இது என்ன ஆகும்?" என்பார். இப்படிக் கேட்கிறவர் மழைநாளில் ஒருமுறையாவது குடை எடுத்துப் போயிருக்கிறாரா என்றால், இல்லை. நனைந்துகொண்டே வருவார்.

அண்ணனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தங்கமான மனிதர், கடிகாரம் மட்டும் அவருக்கு எதிரி. 'இதோ வந்துட்டேன்' என்று அவர் சொன்னால் நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவி விடுவோம். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று அண்ணி சொன்ன அன்று, "நாளைக்கே பார்த்துடறேன், நீ தொடாதே" என்றார். அண்ணி தொடவில்லை. ஆலையில் நூறு மோட்டாருக்கு இணைப்புப் போடத் தெரிந்தவருக்கு ஒரு வாஷர் மாற்றத் தெரியாதா என்ன? ஆனாலும் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். வாளி நிறையும்போதெல்லாம் செடிகளுக்கு ஊற்றுவார். செடிகள் நன்றாக வளர்ந்தன.

ஆலையில் புதிய இயந்திரம் ஒன்று வர இருந்த சமயம். முன்பு கைவிட்ட ஏதோ ஒரு திட்டத்துக்காக வாங்கிய கேபிள் கிடங்கில் கிடப்பதை நான்தான் கண்டுபிடித்தேன். அலெக்ஸாண்டர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அண்ணியின் அறைக்குள் நுழைந்தேன்.

"அண்ணி, அலைச்சல் மிச்சம். ஸ்டோர்ல கேபிள் டிரம் டிரம்மா கிடக்கு. ஆயிரம் வோல்ட் தாங்கும். நம்ம புது மெஷினுக்கு அறுநூத்தித் தொண்ணூறுதானே?"

"அது மேல ரெண்டு எண் போட்டிருக்குமே, படிச்சியா?"

"அறுநூறு, ஒரு சாய்வுக்கோடு, அப்புறம் ஆயிரம்."

"எல்லாருக்கும் பெரிய எண்தான் கண்ணுல படும். ஆயிரம்ங்கிறது கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல. அறுநூறுங்கிறது கம்பிக்கும் பூமிக்கும் நடுவுல."

"சரி, பூமிக்கு எவ்வளவு வரும்?"

"நல்ல நாள்ல நானூறு. கவலையே இல்லை."

"கெட்ட நாள்ல?"

"அப்படி வா வழிக்கு" என்று ஒரு வில்லையை என் கையில் வைத்தார். நடுவில் மூன்று செம்புக் கண்கள், ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளை உறை, எல்லாவற்றையும் சுற்றி ஒரு கறுப்பு உறை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். எங்கள் ஆலை போன்ற இடங்களில் மின்சாரத்தைப் பூமியோடு நேராகக் கட்டுவதில்லை. நடுவில் ஒரு பெரிய மின்தடையை வைத்துத்தான் கட்டுவார்கள். பிரிவுக்குப் பிரிவு தனி டிரான்ஸ்ஃபார்மர், தனி விளக்கு; ஒரு பிரிவின் பழுது இன்னொன்றைத் தொடாது. அதனால் மூன்று கம்பிகளில் ஒன்று எங்காவது உறை கிழிந்து இரும்பைத் தொட்டாலும் இயந்திரம் நிற்காது. பேனல் அறையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும், பெல் அடிக்கும், அவ்வளவுதான். காகித இயந்திரம் திடீரென்று நின்றால் கிழிந்த ஈரக் காகிதத்தை அள்ளியே ஒரு ஷிப்ட் போய்விடும் என்பதால் இந்த ஏற்பாடு. ஆனால் அந்த ஒரு கம்பி பூமியைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை மற்ற இரண்டு கம்பிகளின் நிலைமை வேறு. நானூறு தாங்கிக்கொண்டிருந்த உறை இப்போது அறுநூற்றித் தொண்ணூறு தாங்க வேண்டும். உடனே ஒன்றும் வெடித்துவிடாது. உள்ளுக்குள் அதன் ஆயுள் கரைந்துகொண்டிருக்கும். பிறகு என்றோ ஒருநாள் இரண்டாவது கம்பியும் போகும். அன்று விளக்கு எரிவதோடு நிற்காது.

"பழுதை ஒரு மணி நேரத்துக்குள்ள எடுத்துட்டா ஸ்டோர்ல இருக்கிறதே போதும்" என்றார். "எடுக்காம நாள்கணக்குல ஓட்டுவாங்கன்னா அடுத்த தடிமன் வேணும். ஆயிரத்தி எண்ணூறு, மூவாயிரம்."

"இதுல எதுன்னு யார் முடிவு பண்றது?"

"புத்தகம் ஒரு மணி நேரம்னு சொல்லிட்டு ஒதுங்கிடும். நம்ம ஆளுங்க எடுப்பாங்களா மாட்டாங்களான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

மின்சாரத்தில் இப்படி ஒரு கேள்வி இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. உறையின் தடிமனை வோல்ட் மட்டும் தீர்மானிப்பதில்லை. விளக்கு எரிந்தால் எழுந்து போகிறவர்களா, புரண்டு படுக்கிறவர்களா என்பதும் தீர்மானிக்கிறது.

அந்த வாரமே மீட்டிங். ஆலை மேலாளர் மேசையின் தலைப்பக்கம், பிரிவுத் தலைவர்கள் இரண்டு பக்கமும். தடித்த கேபிள் வந்து சேர நெடுநாள் ஆகும், உருளைகளைச் சூடேற்றிப் பார்க்கிற வேலை அதுவரை காத்திருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். மேலாளர் முகம் சுருங்கியது. இயந்திரம் ஓடும் தேதிக்கு அவர் மேலிடத்தில் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார்.

"பழுது வந்தா தானா நிக்கிற மாதிரி வெச்சிடலாமே?" என்றார் ஒருவர்.

"அப்புறம் எதுக்கு இவ்வளவு செலவு பண்ணி நிக்காத மெஷின் வாங்குறோம்?" என்று மேலாளர் அவரை உட்கார வைத்தார்.

அப்போதுதான் அண்ணன் எழுந்தார். மீட்டிங்கில் அவர்கள் இருவரும் சார், மேடம்தான்.

"மேடம் கேக்கிறது ஒரு மணி நேரம்தானே? விளக்கு எரிஞ்சா ஒரு மணி நேரத்துக்குள்ள பழுதைத் தேடி எடுத்துடுவோம். நான் வாக்குத் தரேன்."

மேசையைச் சுற்றி ஒரு கனைப்பு ஓடியது. எங்கள் வீட்டுக் குழாய் அதற்குள் ஆலைக்கே தெரிந்த குழாயாகியிருந்தது, நான்தான் சொல்லியிருப்பேன். எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். கணவரின் சொல்லை அவர் நம்புகிறாரா இல்லையா என்பது இனி கேபிளின் தடிமனில் தெரிந்துவிடும். வீட்டுக்குள் யாரும் பார்க்காமல் நடந்து முடிகிற விஷயம். இங்கே ஆலை முழுக்கப் பார்க்கும்படி தட்டில் நீளமாகப் போட்டு வைக்கப்போகிறார்கள்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றார் அண்ணி.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அண்ணன் காலணியைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா, அத்தனை பேர் நடுவுல சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நான் மாட்டேன்னும் சொல்லலையே."

"யோசிக்கிறேன்னா என்ன அர்த்தம்? என் மேல நம்பிக்கை இல்லைன்னுதானே?"

"ஏங்க, நீங்க சொன்னது உங்க பிரிவுக்கா, எல்லாப் பிரிவுக்குமா?"

அண்ணன் ஒரு காலணியைக் கழற்றினார். "எல்லாத்துக்கும்தான்."

"பம்ப் ஹவுஸ்ல விளக்கு எரிஞ்சா நீங்களா ஓடுவீங்க?"

"நான் ஏன் ஓடணும்? அவன் ஓடுவான்."

"அவர் வாக்குக் கொடுக்கலையே."

சமையலறையில் குழாய் ஒரு சொட்டு விட்டது. சரியான நேரம் பார்த்து விட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

"இப்போ குழாயை இதுக்குள்ள இழுக்காதே" என்றார் அண்ணன்.

"நான் வாயே திறக்கலைங்க."

"உன் மௌனம் சொட்டுது."

நான் என் காலணிக் கயிற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அண்ணனுக்கும்தான். ஆனால் சிரித்து முடித்த பிறகும் விஷயம் அங்கேயேதான் இருந்தது. அண்ணன் அன்று வழக்கத்தைவிடக் குறைவாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை அண்ணி என்னைக் கூட்டிக்கொண்டு பழைய இயந்திரத்தின் பேனல் அறைக்குப் போனார். சுவரோரம் சாம்பல் நிற அலமாரிகள், சூடான வார்னிஷ் வாசனை. மின்பிரிவு ஃபோர்மேன் ஒருவர் அங்கே உண்டு. அவரை எல்லோரும் மீசை என்பார்கள். முகத்தில் முதலில் வருவது அதுதான். ஒரு பேனலின் நெற்றியில் மஞ்சள் ஹெல்மெட் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"இது யாரோட ஹெல்மெட்?" என்றார் அண்ணி.

மீசை கூச்சப்படாமல் சொன்னார். "விளக்கோட ஹெல்மெட்டும்மா."

"என்னது?"

"விளக்கு எரிஞ்சா கண்ணைக் குத்துதும்மா. அதான் மாட்டி விட்டிருக்கோம். பெல்லுக்குள்ளயும் துணி வெச்சிருக்கோம், காது வலிக்குது."

"விளக்கு எரியறதே நீங்க பார்க்கணும்னுதானே?"

"பார்த்துட்டோமே! பார்த்துட்டுத்தான் மாட்டினோம்."

எங்கள் ஆலையின் வழக்கம் அது. பழுதைத் தேட வேண்டுமென்றால் ஒவ்வொரு கேபிளாக அணைத்துப் பார்க்க வேண்டும். அணைக்கிற கேபிளில் உள்ள மோட்டார் நிற்கும். அடுத்த ஷட்டவுனில் இயந்திரத்தை எப்படியும் நிறுத்துவார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஹெல்மெட்டை மாட்டிவிடுவார்கள். யாரும் சோம்பேறிகள் இல்லை. இயந்திரம் ஓட வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தவர்கள்தான். பல வருஷங்களாக எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தில் தவறு இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றியதில்லை.

"எப்போ மாட்டினது?"

"மழை ஆரம்பிக்கறதுக்கு முந்தி."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மழை வந்து போய் வெகுநாள் ஆகியிருந்தது.

"எந்தப் பிரிவு?"

மீசை என்னைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். "உலர்த்துற பக்கம்தாம்மா. ஏதோ ஒரு ஃபேன் மோட்டார். சார்கிட்ட சொன்னோம். இதோ பார்க்கலாம்னார்."

அண்ணி ஹெல்மெட்டைத் தூக்கினார். சிவப்பு வெளிச்சம் அவர் கன்னத்தில் விழுந்தது. பிறகு ஹெல்மெட்டை இருந்த இடத்திலேயே, நேராக்கி, மாட்டினார். திரும்பி வரும் வழியில் கேன்டீன் டீ நன்றாக இல்லை என்பதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. அண்ணனிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் அண்ணன் என்னிடம் வந்து புலம்பியிருப்பார்.

அண்ணன் கதை முடிந்தது என்று முடிவு கட்டிவிட்டேன். தடித்த கேபிளுக்கு விலை கேட்டு எழுதவும் ஆரம்பித்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அண்ணியின் தேர்வு என் மேசைக்கு வந்தது. பம்ப் ஹவுஸுக்குத் தடித்தது. அழுத்தும் பிரிவுக்குத் தடித்தது. சுருட்டும் பிரிவு, கூழ்த் தொட்டி எல்லாவற்றுக்கும் மூவாயிரம். உலர்த்தும் பிரிவுக்கு மட்டும் கிடங்கில் கிடக்கும் மெல்லியது.

கையெழுத்துப் போடும்போது கை தவறிவிட்டது என்று நினைத்து ஓடினேன்.

"அண்ணி, தலைகீழா வந்திருக்கு. அண்ணன் பிரிவுக்குத்தானே தடிச்சது வேணும்? ஹெல்மெட்டே அங்கதானே!"

"தலைகீழா இல்லை. அனுப்பு."

"ஏன் அண்ணி?"

"முதல்ல டிரம்மை வெளியே எடுத்து வெயில்ல வைக்கச் சொல்லு, இளகட்டும். உறை இறுகிப்போயிருக்கும், நாலு பேர் வேணும் உருட்ட."

மேலாளர் மகிழ்ந்தார். உருளைகளைச் சூடேற்றும் வேலையை உடனே தொடங்கலாம். மற்ற இடங்களுக்குத் தடித்தது வந்து சேரட்டும். அதற்காகத்தான் அப்படிச் செய்தார், கையிருப்பு உலர்த்தும் பிரிவுக்கு மட்டும்தான் போதும் என்று கிடங்கில் பேசிக்கொண்டார்கள். இருக்கலாம். மீசையின் கருத்து வேறு: "அது சவால் தம்பி. முடிஞ்சா காப்பாத்துன்னு போட்டிருக்காங்க." அண்ணன் முதல் நாள் தரையில் கால் படாமல் நடந்தார். "பார்த்தியா? மத்தவனுக்கெல்லாம் தடிச்சது, எனக்கு மட்டும் மெல்லிசு. அதுதான்டா நம்பிக்கை." இரண்டாம் நாள் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"டேய், அவ பேனல் ரூமுக்குப் போனாளாமே?"

"ஆமா."

"ஹெல்மெட்டைப் பார்த்தாளா?"

"தூக்கியே பார்த்தாங்க."

அண்ணன் வெகுநேரம் என் காகிதக் கத்தரியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "பார்த்துட்டும் போட்டாளா?" என்றார். பிறகு எழுந்து போனார். அன்று மதியமே பழைய இயந்திரத்தின் அந்த ஃபேனை நிறுத்தி, மோட்டாரைக் கழற்றி, பழுதை எடுத்தார்கள். ஹெல்மெட் ஒருவழியாக ஒரு தலைக்குப் போய்ச் சேர்ந்தது.

புதிய இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு உலர்த்தும் பிரிவில் முதல்முறை விளக்கு எரிந்தபோது அண்ணன் முடிவெட்டும் கடையில் இருந்தார். போன் வந்ததும் கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணியோடு கிளம்பிவிட்டார். ஒரு பக்கம் வெட்டியும் மறுபக்கம் வெட்டாமலும் தலை. கடைக்காரர் துணிக்காகப் பின்னாலேயே ஓடி வந்தாராம். காவலாளிக்குத் தன் வாழ்நாளில் முதல்முறையாகப் புதிய கிண்டல் ஒன்று கிடைத்தது. பேனல் அறையில் மீசை ஒரு ஹெல்மெட்டோடு தயாராக நின்றிருக்கிறார். அண்ணன் அதைப் பிடுங்கித் தன் அரைத் தலையில் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். ஒரு மணி நேரம் ஆவதற்குள் பழுது எடுபட்டது. அதற்குப் பிறகும் எத்தனையோ முறை விளக்கு எரிந்தது. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போவார், சீட்டாட்டத்தில் ஜெயிக்கிற கையைக் கவிழ்த்துவிட்டுப் போவார். ஆலையில் 'ஒருமணி' என்று பெயர் வைத்தார்கள், அவருக்கல்ல, அண்ணிக்கு. "ஒருமணி வர்றாங்க" என்றால் வடிவமைப்பு அறைக்காரர் வருகிறார் என்று பொருள்.

இதனால் அண்ணன் திருந்திவிட்டார் என்று யாரும் எண்ண வேண்டாம். வீட்டுக்கு அவர் நேரத்துக்கு வந்ததே இல்லை. குழாய் சொட்டிக்கொண்டேதான் இருந்தது. ஒரே மனிதர் ஓரிடத்தில் சொல்லைக் காப்பாற்றவும் இன்னோரிடத்தில் கைவிடவும் முடியும் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு நாளாயிற்று. அண்ணிக்கு அது முதலிலேயே தெரிந்திருக்குமோ என்னவோ. நான் இரண்டு மூன்று முறை சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பேச்சு கேன்டீன் டீயில் போய் முடிந்தது.

வருஷங்கள் ஓடி அண்ணன் ஓய்வு பெற்றார். அண்ணிக்கு இன்னும் சில காலம் இருந்தது. உலர்த்தும் பிரிவுக்கு வந்த புதிய தலைவர் கடிகாரம் மாதிரி மனிதர்; கூட்டத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்வார். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் என்று அவர் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை, அவ்வளவுதான். அண்ணன் போன பிறகு வந்த முதல் ஷட்டவுனில் மீசை அந்த மெல்லிய கேபிள்களைச் சோதித்தார். கருவியில் முள் கடைசிவரை போய் நின்றது. "புதுசு மாதிரி இருக்கும்மா. இன்னும் இருபது வருஷம் தாராளமா ஓடும்" என்றார்.

அண்ணி தட்டின் பக்கத்தில் நின்று கேபிளின் மேல் படிந்திருந்த காகிதத் தூசியை விரலால் ஒரு கோடு துடைத்தார்.

"எல்லாத்தையும் கழட்டிடுங்க. மூவாயிரம் போட்டுடுங்க."

"எதுக்கும்மா? நல்லாத்தானே இருக்கு?"

அண்ணி என் பக்கம் திரும்பி, எவ்வளவு நாளில் வரும் என்று கேட்டார். சொன்னேன். தலையசைத்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டார். வெளியே மழை பிடித்திருந்தது. குடை இல்லாமல் கேட்டை நோக்கி நடந்தார்.